நாற்பதாவது மூளை

குரல் ஆய்வு நிலையத்தில் யாரும் பேசக்கூடாது. வாசற்கதவு தொடங்கிக் கழிவறை வரைக்கும் பதினேழு இடங்களில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். மாட்டியவர்கள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக்செட்காரர் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது விஞ்ஞானத்தின் மேல் கொண்ட காதலால் அல்ல. பொது அரங்கத்தில் ஒலிப் பொறுப்பாளர் வேலை காலியாகியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒலிபெருக்கியையும் வயரையும் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக அலைந்த மனுஷனுக்கு, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மேடைக்கு மைக் வைக்கிற நிரந்தர வேலை என்றால் சும்மாவா? அரங்க மேலாளர் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பும்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்களுக்கு ஏதோ குரல் கேக்கும்னு சொல்றாங்களே. எனக்கு ஒண்ணுமில்லைங்க. வேலைக்குத் தகுதியானவர்னு ஒரு சான்றிதழ் மட்டும் கொண்டுவந்துடுங்க. முப்பதாம் தேதிக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

ஊர் சொன்னது பொய்யில்லை. மைக்செட்காரருக்குப் பதினொரு வருஷமாக மனச்சிதைவு. ஒரு பெண் குரல் கேட்கும். உலகை அழி, ஆளை வெட்டு என்றெல்லாம் அது சொன்னதில்லை. வயரைச் சுருட்டினது சரியில்லை, இன்றைக்குச் சட்டை எடுப்பாக இல்லை, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று நச்சரிக்கும். ஆரம்பத்தில் அதுவே அவரைப் படாத பாடு படுத்தியது. பிறகு ராத்திரிக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதிலிருந்து குரல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை முணுமுணுப்பதோடு சரி. வீட்டில் அதற்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏங்க, மேலிடம் இன்னிக்கு என்ன உத்தரவு போட்டுச்சு?" என்று மனைவி கேட்பாள். அவர் சொல்வார். இரண்டு பேரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

பழைய டாக்டராக இருந்தால் சான்றிதழை ஐந்தே நிமிஷத்தில் எழுதித் தந்திருப்பார். ஆனால் விதி மாறிவிட்டது. குரல் கேட்பவர்களுக்குச் சான்றிதழ் தரும் அதிகாரம் இப்போது குரல் ஆய்வு நிலையத்துக்கு மட்டும்தான். நிலையமோ, தன் ஆராய்ச்சிக்குத் தலையைக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் தரும். மூளையைப் படம் எடுத்துக் குரல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. நாற்பது தலை தேவை. முப்பத்தொன்பது சேர்ந்தாயிற்று.

ஒப்புதல் அதிகாரி என்ற அம்மாள் முப்பத்துநான்கு பக்கத் தாள்கட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"இதையெல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்கணும்."

மைக்செட்காரர் நான்கு பக்கம் படித்தார். "ஒண்ணும் புரியலம்மா."

"பரவாயில்ல. முப்பத்திரண்டாம் பக்கத்துல 'புரிந்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் பண்ணுங்க. புரியலைன்னு போட எங்க ஃபாரத்துல இடம் கிடையாது."

அடுத்து கேள்விகள். தலைக்குள் ஆணி, கம்பி, தகடு, ஸ்க்ரூ ஏதாவது உண்டா? உண்டு என்று ஊரே சொல்கிறது, ஆனால் அது கழன்றது என்றுதான் பேச்சு என்றார் மைக்செட்காரர். அந்த அம்மாள் சிரிக்காமல் 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதிக்கொண்டாள். குரல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை விநாடி, இடது காதா வலது காதா, சத்தம் பத்துக்கு எத்தனை என்று இரண்டு மணி நேரம் கேட்டாள்.

"அது என்ன சொல்லும்னு கேக்கவே இல்லையேம்மா?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்க. நீங்க சொல்ல ஆரம்பிச்சா எங்களுக்கு நேரமாயிடும்."

காத்திருக்கும் அறையில் முப்பத்தோராவது தலை உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தபால்காரர். கன்னம் தோளில் விழுந்து, வாயோரம் எச்சில் வழிந்தது. விரல்கள் மட்டும் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் மனைவி கைக்குட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் சைக்கிள்ல தெருத்தெருவாப் போயிட்டிருந்தவருங்க. இந்த மெஷினுக்குள்ள குரல் நல்லாக் கேட்டுச்சுன்னு உண்மையச் சொன்னார். நோய் முத்திப்போச்சுன்னு ஒரு மாத்திரையை மூணாக்கிட்டாங்க. குறைங்கன்னு கேட்டா, கையெழுத்துப் போடற வாரியம் கூடட்டும்ங்கறாங்க. வாரியம் கூடினா, அடுத்த தடவைங்கறாங்க."

மைக்செட்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். பற்றவைக்கிற கம்பியை மயிரிழை பிசகாமல் பிடிக்க வேண்டிய தன் விரல்களையும் பார்த்தார்.

எந்திரம் ஒரு அறையில், அதை ஓட்டுகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்னொரு அறையில். எந்திரக்காரர் வாரத்துக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அவர் மேசை மேல் ஒரு சின்ன மைக். பொத்தானை அமுக்கினால்தான் உள்ளே படுத்திருப்பவரின் ஹெட்ஃபோனில் பேச்சு கேட்கும். ஒவ்வொரு தடவையும் அமுக்குவது ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குச் சிரமமாக இருந்ததால், மாத்திரைப் பெட்டியின் அட்டையை மடித்துப் பொத்தானின் இடுக்கில் செருகி வைத்திருந்தார்கள். தொழில் புத்தி, மைக்செட்காரரின் கண் நேராக அங்கேதான் போனது.

"மைக் திறந்தே கிடக்குதே?"

"இருக்கட்டும்," என்றார் எந்திரக்காரர். அந்த வாரத்துக்கு மூன்று வார்த்தை மிச்சம்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. எந்திரம் போட்ட சத்தத்தில், பத்துப் பேர் ஒரே நேரத்தில் மைக்கைத் தட்டிப் பார்ப்பது போல் இருந்தது. மேலிடம் வாயைத் திறக்கவில்லை. குரல் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். நாற்பது நிமிஷம் அதைச் சும்மா பிடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, குரல் கேட்கவில்லை என்றால் நல்ல சேதிதானே, சான்றிதழ் கைக்கு வந்த மாதிரிதான் என்று சந்தோஷமாக எழுந்து வந்தார்.

வெளியூர் போயிருந்த பேராசிரியர் மறுநாள் வந்து முடிவைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே! நாற்பது நிமிஷத்துல ஒரு தடவைகூடக் கேக்கலையா? முப்பத்தொன்பது பேருக்கு நல்லாக் கேட்டுச்சு. உங்களால மொத்த ஆய்வே நிக்குது."

"கேக்காம இருக்கறது நல்லதில்லையா சார்?"

"உங்களுக்கு நல்லதா இருக்கலாம். விஞ்ஞானத்துக்கு?" என்ற பேராசிரியர், மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும். ரெண்டு நாளைக்கு இவரை வீட்டுல நிம்மதியா இருக்க விடாதீங்க. திட்டுங்க. சந்தேகமாப் பாருங்க. மனசு கலங்கினா குரல் தானா வரும்."

"அதுக்கு உங்க கட்டடம் போதாதாங்க?" என்றாள் மனைவி. பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் மறுபடியும் உள்ளே படுத்தார். இந்தத் தடவை பேராசிரியரே நேரில் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எந்திரம் தட்டத் தொடங்கிய இரண்டாம் நிமிஷம் மைக்செட்காரரின் காதில் ஒரு குரல் தெளிவாக விழுந்தது.

"டீயா இது? கழுவின தண்ணி."

ஆண் குரல். மேலிடம் இல்லை. யாருடைய குரல் என்று யோசிக்கத் தேவையே இல்லை. ஆனால் குரல் கேட்டால் அமுக்க வேண்டும் என்பது உத்தரவு. யார் குரல் என்று பார்த்து அமுக்கும்படி யாரும் சொல்லவில்லை. மைக்செட்காரர் சொன்னதைச் செய்கிற மனுஷன். அமுக்கினார். குரல் நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

"நாற்பதாவது தலை இது. முடிஞ்சுதுன்னா மாநாட்டுக்கு மூட்டை கட்டிடலாம்... வாரியத் தலைவரா? அவர் எங்கய்யா படிக்கறார்? கையெழுத்து போடற இடத்துல பென்சில் குறி இருந்தாப் போதும். போன அறிக்கையில எட்டாம் பக்கத்துக்கு அப்புறம் வெறுந்தாளை வெச்சுக் குடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்தார். பேனா நல்லா எழுதுதுன்னு வேற சொன்னார்!"

மைக்செட்காரர் விடாமல் அமுக்கினார். மொத்தம் இருபத்துமூன்று நிமிஷம்.

வெளியே வந்தபோது பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக நின்றார். திரையில் மூளையின் படம். காதோரம் ஒரு பகுதி செக்கச்செவேலென்று எரிந்தது.

"கேட்கும் பகுதி எப்படிப் பத்தி எரியுது பாருங்க! நிஜமாவே ஒருத்தர் பேசினா எப்படி எரியுமோ, அச்சு அசல் அப்படியே!"

"எரியத்தான் சார் செய்யும். நீங்க பேசினீங்க. எனக்குக் கேட்டுச்சு. அந்த மைக் திறந்தே இருக்கு."

பேராசிரியர் அவரை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கோப்பில் எழுதினார்: 'அடுத்த அறையில் இருப்பவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதாக உறுதியாக நம்புகிறார். நோய் முற்றிய நிலை. மாத்திரையை மூன்றாக உயர்த்தவும். சான்றிதழ் வழங்க இயலாது.' வாரியம் இருபத்தொன்பதாம் தேதி கூடிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே தொடக்கம்.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் சொல்லுங்க. நிஜமாவே கேட்டுச்சா?"

"மேலிடம் பேசினா இரைச்சலே இருக்காது. சுத்தமா, தலைக்கு நடுவுல வரும். இது இடது காதுல மட்டும் கொரகொரன்னு வந்துச்சு. அந்தப் பக்கம் வயர் விட்டுப்போயிருக்கு. இல்லாத குரலுக்கு எதுக்கு வயர் விடணும்?"

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தத் தபால்காரருக்கும்...?"

மைக்செட்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். தபால்காரர் மட்டுமா? முப்பத்தொன்பது பேர். இவர்களுடைய டீ சரியில்லாத கதையைக் கேட்ட குற்றத்துக்கு முப்பத்தொன்பது பேர் எங்கெங்கோ நாற்காலிகளில் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

வாரியத்தில் ஐந்து பேர். நீள மேசையின் தலைப்பில் தலைவர்; வயதானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. இந்தப் பக்கம் பேராசிரியர். அந்தப் பக்கம் புள்ளிவிவர நிபுணர், சட்ட ஆலோசகர், நோயாளிகளின் நலனைக் காக்கும் பொறுப்பிலிருந்த நெறிமுறை அம்மாள். பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் இதுவரை வெளிவந்த அறிக்கைகள். பூட்டின் மேல் தூசி.

பேராசிரியர் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"தலைவர் அவர்களே, இல்லாத குரலுக்கும் இருக்கிற குரலுக்கும் மூளையில ஒரு துளிகூட வித்தியாசம் இல்லைன்னு நாம நிரூபிச்சிருக்கோம். மத்த ஆய்வுகள்ல அங்கங்க கொஞ்சம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. நம்மகிட்ட நாற்பது பேருக்கும் அப்படியே நிஜக் குரல் மாதிரி! இவ்வளவு சுத்தமான முடிவு எப்படி வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஆனா ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்காம, அறிக்கையை அச்சுக்குக் குடுத்துட்டோம்."

"குரல் கேக்காத சாதாரண ஆளுங்களையும் படம் எடுத்தீங்களா?" என்று புள்ளிவிவர நிபுணர் கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"எடுத்தோம். விடுமுறை நாள்ல, எந்திரக்காரர் மட்டும் இருக்கும்போது. அவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை. அதுதான் நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகுதான் மைக்செட்காரரைப் பேசச் சொன்னார்கள். அவர் அட்டை செருகிய பொத்தானைப் பற்றிச் சொன்னார். இடது காது இரைச்சலைப் பற்றிச் சொன்னார்.

"பொத்தான் பராமரிப்புப் பிரிவு விஷயம். ஆய்வுப் பிரிவுக்கு அதுல சம்பந்தமில்லை," என்றார் சட்ட ஆலோசகர்.

"நீங்க அப்படி நம்பறது உங்க உரிமை. அந்த உரிமையை நாங்க மதிக்கிறோம்," என்றாள் நெறிமுறை அம்மாள், மாத்திரையை உயர்த்தும் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

தாள் தலைவரிடம் வந்தது. பென்சில் குறி இருந்த இடத்தில் பேனா இறங்கப் போனது. மைக்செட்காரர் அடக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"ஐயா, குறி இருக்கற இடத்துல மட்டும் பார்க்காம கொஞ்சம் படிச்சுப் பாருங்க. போன அறிக்கையில எட்டாம் பக்கத்துக்கு அப்புறம் வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டீங்களாம். உள்ள படுத்திருக்கும்போது கேட்டேன்."

அறையில் ஒரு சத்தம் இல்லை. பதினேழு பலகைகள் செய்ய முடியாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்று துள்ளினார் பேராசிரியர், முகத்தில் வியர்வையோடு. "எவ்வளவு நுணுக்கமான மாயை! பக்க எண்கூடச் சொல்லுது!"

தலைவர் பேனாவை மூடினார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. இவர் மட்டும் இருக்கட்டும்."

கதவு சாத்தியதும் தலைவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். போன வருஷ அறிக்கையை எடுத்தார். எட்டாம் பக்கம். ஒன்பது, வெறுந்தாள், கையெழுத்து. பத்து, வெறுந்தாள், கையெழுத்து. பதினேழு வரைக்கும் புரட்டிவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"வேற என்ன சொன்னான்?"

இந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக ஒருவர் குரல் என்ன சொன்னது என்று கேட்கிறார். மைக்செட்காரர் அதைக் கவனித்துக்கொண்டார்.

"நிறைய இருக்குங்க ஐயா. ஆனா நான் நோய் முத்தின ஆளு. சொன்னா யார் நம்பப்போறாங்க?"

தலைவர் அறிக்கையைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இந்த ஆய்வு தப்புன்னு நான் எழுத முடியாதுப்பா. எழுதினா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்ப இந்த வெறுந்தாள் வெளிய வரும். ஆய்வு அப்படியே இருக்கட்டும். உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. தலைவர் மாத்திரையை உயர்த்தும் தாளைக் கிழித்துப்போட்டார். ஒரு தாளில் 'இவருக்கு இல்லாத குரல் இருபத்துமூன்று நிமிஷம் கேட்டது' என்று கையெழுத்திட்டார். அந்த மை காய்வதற்குள் இன்னொரு தாளில் 'இவர் காதும் அறிவும் நன்றாக இருக்கின்றன. ஒலிப் பொறுப்பாளர் வேலைக்கு முற்றிலும் தகுதியானவர்' என்று கையெழுத்திட்டார். இரண்டாவதை மட்டும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

மைக்செட்காரர் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார். வந்த வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். கால் வரவில்லை.

"ஐயா, அந்த முப்பத்தொன்பது பேருக்கும் மாத்திரையைப் பழைய அளவுக்கே குடுக்கணும். ஆய்வுக்கு முன்னாடி அவங்கவங்க டாக்டர் எழுதின அளவு. அதுக்கு ஒரு உத்தரவு வேணும்."

"அதுக்கு என் கையெழுத்து போதாது. வெளிய நிக்கற மூணு பேரும் போடணும். போடமாட்டாங்க."

"உத்தரவை எழுதி உங்க கையெழுத்தைப் போட்டு என்கிட்ட குடுங்க. மிச்சத்தைச் சொல்றேன்."

தலைவர் எழுதினார். மிச்சத்தைக் கேட்டார். காது மடல் சிவந்தது. மைக்செட்காரர் தாளோடு கதவைத் திறந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரிலிருந்து விலகி நின்றார்கள். பேராசிரியரைக் காணோம்.

முதலில் புள்ளிவிவர நிபுணர் அவரைச் சன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மாயைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கறேன். அந்தக் குரல் என்னைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?"

சொல்லவில்லை. டீயைப் பற்றியும் தலைவரைப் பற்றியும் மாநாட்டைப் பற்றியும்தான் பேச்சு. மைக்செட்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காத ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னார். "உங்க கணக்கை எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கிட்டதா சொன்னாருங்க."

"எனக்கு அப்பவே தெரியும்!" என்று நிபுணர் தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். சட்ட ஆலோசகருக்கு, அவரை மாற்ற ஆள் பார்க்கிறார்கள் என்று சொன்னார். அவரும் போட்டார்.

நெறிமுறை அம்மாளிடம் வந்தபோது மைக்செட்காரருக்கு அலுத்துவிட்டது. "உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலம்மா. சத்தியமா."

அவள் முகம் சுருங்கிப்போனது. "மறைக்கறீங்க. ஒரு வார்த்தைகூடவா? நான் இங்க ஆறு வருஷமா இருக்கேன்." பேனாவைப் பைக்குள் திருப்பி வைத்தாள். உண்மை அங்கேயும் செல்லுபடியாகவில்லை.

"சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு பார்த்தேன்மா. உங்க ஒருத்தருக்குத்தான் பயப்படறதா சொன்னாரு."

அவள் வருத்தப்படவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெயரை முழுசாக எழுதி, கீழே தேதியும் போட்டாள்.

மனைவியோடு மருந்துச் சன்னலுக்குப் போனார். பெஞ்சில் தபால்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏங்க, அத்தனை பேரைப் பத்தியுமா உள்ள பேசினாங்க?" என்று மனைவி காதோடு கேட்டாள்.

"ஒருத்தரைப் பத்தித்தான். மிச்சம் நான் போட்டது."

"நம்பிட்டாங்களா?"

"நிஜத்தைச் சொன்னப்பதான் யாரும் நம்பலை."

சன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்து குமாஸ்தா உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு கையெழுத்தையும் விரலால் தடவினார். முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி எடுத்தவர், தாளுக்கு மேலே அப்படியே நிறுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"மேல எல்லாரும் பேசிக்கறாங்க. அந்தக் குரல் மருந்துப் பிரிவைப் பத்தி ஏதாவது சொல்லுச்சாங்க?"

மைக்செட்காரர் தபால்காரரின் நடுங்கும் விரல்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுச்சு. முத்திரையைக் குத்துங்க, சொல்றேன்."